வீட்டுக் கார் டர்ன்டேபிள்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

செட்டிநாட்டு வீடுகள் ஒரு வீதியில் முகப்பும் அடுத்த வீதியில் பின்வாசலுமாக நீண்டு அமைந்தவை. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என எந்த ஊரிலும், பின்கட்டை ஒட்டிய குறுகிய இடத்தில் கார் கொட்டகை அமைந்த வீடுகள் பல உண்டு. அத்தகைய கொட்டகைக்குள் நேராக நுழைந்த கார், வெளியேறும்போது பின்னோக்கியே வீதிக்கு வர வேண்டியிருக்கிறது. அதில் உள்ள ஆபத்தையும், முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்புவதில் வீணாகும் பெட்ரோலையும் தவிர்ப்பதற்காக, நின்ற இடத்திலேயே காரைச் சுழற்றித் தரும் டர்ன்டேபிளைச் சிலர் அமைத்துக்கொள்கிறார்கள்.

இயந்திரம் எளிமையானது. இரும்புச் சட்டத்தின் மேல் செக்கர்டு தகடு (வழுக்காதபடி மேற்பரப்பில் மேடுகள் அமைந்த இரும்புத் தகடு) பதித்த வட்டத் தட்டு ஒன்று, அதன் நடுவில் அச்சும் பேரிங்கும், ஓரத்தைச் சுற்றி எடையைத் தாங்கும் சக்கரங்கள், அவை உருளும் வட்டமான ரெயில், அரை முதல் ஒரு குதிரைத்திறன் அளவிலான ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ், தட்டைத் தள்ளும் உராய்வுச் சக்கரம் அல்லது சங்கிலி ஆகியவையே இதன் முக்கிய உறுப்புகள். வீட்டுக்கான தட்டுகள் பொதுவாக மூன்றரை முதல் ஐந்து மீட்டர் வரை விட்டம் கொண்டவை. ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு நிமிடம் அளவில் எடுத்துக்கொள்பவை.

இது நின்றுபோனால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகிக்கிறார்கள். நம் பகுதியைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகத்தைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. தட்டுக்கு அடியில் தேங்கும் மழைநீர், கலைந்துபோன மட்டம், செம்மண் புழுதி, வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது ஆகிய நான்குமே இங்கே பிழைகளின் வேர். எனவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் தட்டின் அடியைப் பார்த்து, பிறகு மின்பெட்டியைப் பார்த்து, கடைசியில் மோட்டாருக்கு வருகிற வரிசையையே கடைப்பிடித்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை என்ற நிலையிலும், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த நிலையிலும் மட்டும் மின்பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

தட்டைத் தொடுவதற்கு முன்

காரைத் தட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். இறக்க முடியாத நிலையில் நின்றுவிட்டால், எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பிறகு டர்ன்டேபிளுக்கான தனி ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து, முடிந்தால் அதைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவர் ஒருவர் ரிமோட்டை அழுத்திப் பார்ப்பதால் நேரும் விபத்தை அந்தப் பூட்டு ஒன்றுதான் தடுக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. இருக்குமானால், மின்சாரத்தை அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், அதன் மீது குறிப்பிட்டுள்ள நேரம், பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம், கழிந்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். தேவைப்படும் கருவிகள் சிலவே: டார்ச் விளக்கு, ரசமட்டம், கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம், சாக்பீஸ், மல்டிமீட்டர், ஒரு செட் ஸ்பானர்.

பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

முதலில் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானைப் பாருங்கள். அது ஒருமுறை அழுத்தப்பட்டால் திருகி விடுவிக்கும் வரை அழுந்தியே இருக்கும். குழந்தைகள் விளையாட்டாக அழுத்திவிட்டுப் போன பொத்தானுக்காக மெக்கானிக்கை மதுரையிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. அடுத்து ரிமோட்டின் பேட்டரி, அதன் பின் எம்.சி.பி. (அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவை விழுந்திருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மூன்று பேஸ் இணைப்பில் ஒரு பேஸ் மட்டும் போயிருந்தால் மற்ற இரண்டு பேஸ்களில் உள்ள வீட்டு விளக்குகள் எரிந்தபடியே இருக்கும், டர்ன்டேபிள் மட்டும் அசையாது. ஒரு பேஸ் போனால் மோட்டாரை இயங்கவிடாமல் தடுக்கும் பேஸ் பாதுகாப்பு ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதே அதன் பொருள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், வி.எஃப்.டி.யின் திரையில் மின்னழுத்தக் குறைவைக் காட்டும் குறியீடு வந்தால், கவனம் கேபிள் பக்கம் திரும்ப வேண்டும். இது நம் வீடுகளின் நீளத்தால் வரும் பிரச்சினை. மீட்டர் பலகை முகப்பிலும் கார் கொட்டகை பின்வாசலிலும் இருக்கும்போது, இடையில் 60 மீட்டர் ஒயர் ஓடுவது இயல்பு. அந்தத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் இழுத்திருந்தால், போகவும் வரவுமாகச் சேர்த்து அதன் மின்தடை ஏறத்தாழ 1.45 ஓம் ஆகும். வி.எஃப்.டி. இல்லாமல் நேரடியாக ஸ்டார்ட் ஆகும் ஒரு குதிரைத்திறன் ஒற்றை பேஸ் மோட்டார் தொடக்கத்தில் 30 ஆம்பியர் வரை இழுத்தால், ஒயரிலேயே 43 வோல்ட் தொலைந்துவிடும். மாலை நேரத்தில் முகப்பில் 210 வோல்ட் வந்தாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 167 வோல்ட்தான். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இருந்தால் இழப்பு 17 வோல்ட் அளவில் நின்றுவிடும். ஆகவே, மோட்டார் இயங்கத் தொடங்கும் அந்த நொடியில், தகுதியுள்ள மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு கொட்டகையில் உள்ள பெட்டியில் வோல்டேஜை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது அளந்து, 220 இருக்கிறது என்று திருப்திப்படுவது பயன் தராது.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் தட்டு நகரவில்லை

உடனே அணைத்துவிடுங்கள். நகர முடியாமல் உறுமும் மோட்டாரில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதால், சிறிது நேரத்திலேயே அதன் கம்பிச் சுருள் சூடேறிக் கருகிவிடும். மறுபடி மறுபடி அழுத்திப் பார்ப்பதுதான் சிறிய பிழையைப் பெரிய செலவாக மாற்றுகிறது.

அணைத்த பிறகு, தட்டைச் சுற்றியுள்ள இடைவெளி முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு விரல் அகலம் கூட இல்லாத அந்த இடைவெளியில் சிக்கிய ஒரு சரளைக்கல் தட்டு முழுவதையும் பூட்டிவிடப் போதுமானது. செம்பாறைச் சரளை கொட்டிய முற்றத்திலிருந்து டயரின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு வரும் கற்கள் இங்கேதான் வந்து விழுகின்றன. கல் எதுவும் இல்லையென்றால், உராய்வுச் சக்கரத்தை அல்லது சங்கிலியைத் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி விடுவித்துவிட்டு, வெறும் தட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள தட்டு இரண்டு பேர் தள்ளினால் தயக்கமின்றி நகரும். நகர்ந்தால் கோளாறு மோட்டார் பக்கம் இருக்கிறது: ஒற்றை பேஸ் மோட்டாரானால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், பிரேக் உள்ள மோட்டாரானால் பிரேக் விடுபடாமல் இருக்கலாம். நகராவிட்டால் பேரிங்கோ ஓரச் சக்கரங்களோ துருவால் இறுகியிருக்கின்றன, மோட்டாரை மாற்றினாலும் பயனில்லை.

வெறும் தட்டு நன்றாகச் சுற்றுகிறது, காரை ஏற்றினால் திணறுகிறது

உராய்வுச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். அதன் ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தாலும், ரப்பர் தேய்ந்திருந்தாலும், அதைத் தட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் சக்கரம் வழுக்கும். துடைத்துக் காயவைத்து, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை அளவுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இறுக்கத்தை அளவுக்கு மேல் கூட்டினால் கியர்பாக்ஸின் பேரிங் தேயும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது காரை நிறுத்தும் இடம். பலரும் காரின் நடுப்பகுதியைத் தட்டின் நடுவோடு பொருத்தி நிறுத்துகிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் உள்ள முன்சக்கர இயக்கக் கார்களில் ஆள் இல்லாதபோது எடையில் சுமார் 60 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் இருப்பதால், எடையின் மையம் நடுப்பகுதிக்கு முன்னால் விழுகிறது. மாருதி சுசுகி ஸ்விஃப்ட்டின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,450 மில்லிமீட்டர். 60-க்கு 40 என்று கணக்கிட்டால் எடையின் மையம் நடுப்பகுதியிலிருந்து 245 மில்லிமீட்டர் முன்னால், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் முன்னால், இருக்கிறது. எனவே முன்னோக்கி ஏறும் காரை, நடுவோடு நடு பொருந்துவதற்கு ஒரு சாண் முன்பாகவே நிறுத்தினால், எடை அச்சின் மேல் சமமாக அமர்ந்து, ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் அழுந்துவது தவிர்க்கப்படும். நான்கு மீட்டர் தட்டில் இதற்கு இடம் உண்டு. அதைவிடச் சிறிய தட்டாக இருந்தால் பின்சக்கரங்கள் ஓரத்துக்கு மிக அருகில் வந்துவிடும் என்பதால் அளந்துவிட்டுச் செய்யுங்கள். சரியான இடம் கிடைத்ததும், முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு போட்டு வையுங்கள்.

தளம் பதித்த பிறகே திணறல் தொடங்கியது என்று சிலர் சொல்வதுண்டு. வீட்டின் மற்ற தரைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற ஆசையில் இரும்புத் தட்டின் மேல் ஆத்தங்குடிக் கல் எனும் சிமென்ட் தளக்கல்லைப் பதிக்கும் எண்ணம் இங்கே எளிதில் தோன்றும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனாலும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். நான்கு மீட்டர் தட்டின் பரப்பு 12.5 சதுர மீட்டர். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள சிமென்ட் கல்லே சதுர மீட்டருக்கு 44 கிலோ வரும். தட்டு முழுவதற்கும் 550 கிலோ. அதன் அடியில் இரண்டரை சென்டிமீட்டர் சாந்து போட்டால் அது மேலும் 600 கிலோவைத் தாண்டும். ஆக, காரே ஏறாத நிலையில் ஒரு ஸ்விஃப்ட்டின் எடைக்கும் அதிகமான பாரத்தைத் தட்டு நிரந்தரமாகச் சுமக்கிறது. மேலும், காரின் எடையில் இரும்புச் சட்டம் சிறிதளவு வளைந்து மீள்வது இயற்கை. கைவேலையால் ஆன அந்தக் கல் அவ்வளைவைத் தாங்காமல் விரிசல் விடும். ஆத்தங்குடிக் கல்லைத் தட்டைச் சுற்றியுள்ள நடைபாதையில், கார்ச் சக்கரம் ஏறாத இடத்தில் பதியுங்கள். தட்டின் மேல் செக்கர்டு தகடே இருக்கட்டும்.

சுற்றும்போது இடிக்கிறது அல்லது ஆடுகிறது

இந்த அறிகுறிக்கு எந்த மீட்டரும் தேவையில்லை. காதால் கேட்டு எண்ணினாலே காரணம் தெரிந்துவிடும்.

தட்டின் ஓரத்தில் ஓரிடத்திலும், அதற்கு நேர் எதிரே அசையாத தரையில் ஓரிடத்திலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒருவர் பொத்தானைப் பிடித்திருக்க, மற்றவர் ஒரு முழுச் சுற்றில் எத்தனை முறை இடிக்கிறது, எந்தக் கோட்டருகே இடிக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஓரச் சக்கரங்கள் தட்டோடு பிணைக்கப்பட்டு, தரையில் உள்ள ரெயிலில் உருளும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ரெயில் வட்டத்தின் விட்டம் 3.6 மீட்டர், சக்கரத்தின் விட்டம் 150 மில்லிமீட்டர் என்றால், தட்டு ஒருமுறை சுற்றுவதற்குள் ஒவ்வொரு சக்கரமும் 24 முறை சுழல்கிறது. எனவே சீரான இடைவெளியில் ஏறத்தாழ 24 இடிகள் கேட்டால், ஏதோ ஒரு சக்கரத்தின் விளிம்பு ஓரிடத்தில் தட்டையாகியிருக்கிறது. தட்டில் எத்தனை சக்கரங்கள் உள்ளனவோ அத்தனை இடிகள் கேட்டு, ஒவ்வொன்றும் தரையின் ஒரே இடத்திலிருந்து வந்தால், அந்த இடத்தில் ரெயில் பற்றவைப்பு மேடாகியிருக்கிறது அல்லது கல் ஒட்டியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் மெதுவாகச் சாய்ந்து எழுந்தால், கலைந்திருப்பது மட்டம். சக்கரங்கள் தரையில் பொருத்தப்பட்டு ரெயில் தட்டின் அடியில் இருக்கும் அமைப்பில், ரெயிலின் குறை தட்டோடு சேர்ந்து பயணம் செய்து ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் வரிசையாக இடிக்கும்; அங்கே தட்டின் மேல் போட்ட கோட்டைப் பின்தொடர வேண்டும். உங்கள் தட்டின் அளவுகளை வைத்து, ரெயில் வட்டத்தின் விட்டத்தைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்து அந்த எண்ணைப் பெட்டியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டால், பின்னால் பழுது பார்க்க வருபவருக்கும் அது உதவும்.

தட்டையான சக்கரத்தை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. பாலியூரிதேன் பூசிய சக்கரங்களின் மேல் கார் ஒன்று அசையாமல் மாதக்கணக்கில் நின்றால் அவை தரையோடு படியும் பக்கத்தில் தட்டையாகும். பூட்டிய வீட்டில் காரைத் தட்டின் மேலேயே விட்டுச் செல்வது இதனால்தான் தவறு.

மட்டம் கலைந்திருந்தால், எட்டு இடங்களில் ரெயிலின் உயரத்தை டியூப் மட்டத்தால் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். நீளமான டியூபில் நீர் நிரப்பிப் பார்க்கும் அந்தப் பழைய முறை, நான்கு மீட்டர் தூரத்தில் ஒரு சிறு ரசமட்டம் தருவதைவிட நம்பகமான விடையைத் தரும், குழாய்க்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாழ்ந்த இடத்தில் ஆங்கர் போல்ட்டைத் தளர்த்தி, இரும்புத் தகட்டுத் துண்டுகளைச் செருகி உயர்த்தி, பிறகு சுருங்காத கிரவுட்டால் (இடைவெளியை நிரப்பும் கலவையால்) அடைக்க வேண்டும். மரத்துண்டும் வெறும் சிமென்ட் சாந்தும் நிற்காது. உயர்த்திய இடமே ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மீண்டும் தாழ்ந்தால், தட்டு அமைந்துள்ள குழிக்கு அடியில் மண் இறுகவில்லை என்று பொருள். பழைய குப்பைக்குழியையோ மூடிய கிணற்றையோ நிரப்பிய இடத்தில் தட்டு அமைந்திருக்கலாம். அப்போது சிவில் பொறியாளரை அழைத்துத்தான் ஆக வேண்டும். குறிப்பாக, பழைய சுண்ணாம்புச் சுவரின் அஸ்திவாரத்துக்கு அருகில் நீங்களாகவே தோண்டிவிடாதீர்கள்.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, குழியில் நீர் நிற்கிறது

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும்போது வரும் அறிகுறி இது. கணக்கு மிக எளிது: கொட்டகைக்கு வெளியே உள்ள 30 சதுர மீட்டர் முற்றம் தட்டை நோக்கிச் சரிந்திருந்தால், 100 மில்லிமீட்டர் மழையில் 3,000 லிட்டர் நீர் குழியைத் தேடி வருகிறது. நம் முன்னோர் வளவின் (வீட்டின் உள் முற்றப் பகுதியின்) நடுவே விழும் மழை முழுவதையும் தரைச் சரிவாலும் கால்வாயாலும் வீட்டைவிட்டு வெளியேற்றி ஊருணிக்கு அனுப்பிய முறையைப் பார்த்தால், நீரை உள்ளே விட்டுப் பிறகு இறைப்பதைவிட வாசலிலேயே திருப்பிவிடுவதுதான் வழி என்பது தெளிவாகும். கொட்டகையின் நுழைவாயிலில் குறுக்காக, கம்பிச் சல்லடை மூடிய கால்வாய் ஒன்று போட்டு நீரை அங்கேயே தடுக்க வேண்டும். அதையும் தாண்டி வரும் நீருக்குக் குழியின் தாழ்ந்த மூலையில் ஒரு வடிகால் வேண்டும். சாலை மேலும் மேலும் போடப்பட்டு உயர்ந்துவிட்ட வீதிகளில், ஒரு காலத்தில் வெளியே வடிந்த குழாய் வழியாகவே இப்போது வெளிநீர் உள்ளே வரும். அங்கே மிதவையால் தானாக இயங்கும் சிறு பம்ப்பும், நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வும் அவசியம்.

நீர் மோட்டாரின் உயரம் வரை ஏறியிருந்தால், வடிந்த பிறகும் சுவிட்சைப் போடக் கூடாது. வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாரைத் தனியே பிரித்து, மெக்கர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) கொண்டு இன்சுலேஷனை அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரைக் கழற்றி உலர்த்தி, மறுபடி அளந்த பிறகே இணைப்பு. மழையே இல்லாத நாளிலும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், வி.எஃப்.டி.யின் வடிகட்டியிலிருந்து நிலத்துக்குச் செல்லும் சிறு கசிவு மின்னோட்டம் காரணமாக இருக்கலாம், வி.எஃப்.டி.க்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி.யை டர்ன்டேபிளுக்கு மட்டும் தனியாகப் போடுவது அதற்குத் தீர்வு. எந்தக் காரணத்துக்காகவும் ஆர்.சி.சி.பி.யை நீக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்க அனுமதிக்காதீர்கள். ஈரமான இரும்புத் தகட்டின் மேல் வெறுங்காலோடு நிற்பவர் உங்கள் வீட்டு மனிதர்.

துருவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரும்பின் அரிப்பை ஆராய்வதில் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட நிறுவனம் அது. அத்துறையின் அடிப்படைப் பாடம் ஒன்று இந்தக் குழிக்கு அப்படியே பொருந்தும்: வெறும் பெயிண்ட் ஓரிடத்தில் கீறினால் அங்கிருந்து துரு பரவும், உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். புதிதாக அமைப்பவர்கள் சட்டம் முழுவதையும் அவ்வாறு கால்வனைஸ் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

குறித்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகிறது

தட்டு நிற்க வேண்டிய இடத்தை உணர்த்துவது ஒரு சென்சார். அது காந்தப்புலத்தால் உலோகத்தை உணரும் சென்சாராக இருந்தால் புழுதியால் பாதிப்பு இல்லை, ஆனால் அதன் முகத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலோ, எதிரே உள்ள உலோகத் துண்டுடனான சில மில்லிமீட்டர் இடைவெளி மாறியிருந்தாலோ பிழை வரும். ஒளிக்கதிர் சென்சாராக இருந்தால் சிலந்தி வலையும் செம்மண் தூசும் போதும். மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். சிறிய கார் சரியாக நின்று, பெரிய கார் மட்டும் தாண்டிப் போனால் சென்சாரைத் தொட வேண்டாம். வேகம் குறைந்து நிற்பதற்கு வி.எஃப்.டி.யில் குறித்துள்ள நேரத்தையும் உராய்வுச் சக்கரத்தின் பிடிப்பையும் சரிபார்க்க வேண்டும்.

கிறீச்சிடும் ஓசை

நடு அச்சிலிருந்து வந்தால் கிரீஸ் போதவில்லை. பழைய கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்து வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. புதிய கிரீஸ் தெளிவாக வெளிவரும் வரை அடித்து, பழையதை முற்றிலும் வெளியேற்றுங்கள். ஓரச் சக்கரங்களின் உருளும் பரப்பிலும் உராய்வுச் சக்கரத்திலும் கிரீஸ் படக் கூடாது.

புதிதாக வாங்கிய கார் சுவரில் உரசுகிறது

தட்டின் அளவை மட்டும் பார்த்து, கார் சுழலும் வட்டத்தை மறந்ததால் வருவது. சக்கரங்கள் தட்டின் மேல் இருந்தாலும் காரின் மூக்கும் வாலும் வெளியே நீண்டிருக்கும். சுழலும்போது தேவைப்படும் வட்டம் காரின் மூலைவிட்ட அளவு. ஸ்விஃப்ட்டுக்கு அது ஏறத்தாழ 4.2 மீட்டர், 4.7 மீட்டர் நீளமுள்ள இன்னோவா கிரிஸ்டாவுக்கு 5.1 மீட்டர். மேலே சொன்ன ஒரு சாண் பின்னடைவையும் சேர்த்தால், அதே அளவுள்ள முன்சக்கர இயக்கக் காருக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் தேவைப்படும். இதற்குப் பழுதுநீக்கம் எதுவும் இல்லை. காரை வாங்குவதற்கு முன்பே டேப் பிடித்து அளந்துகொள்ள வேண்டும்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் ஓடவில்லை

படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கும் வீடுகளில், வந்து இறங்கிய அன்றே தட்டைச் சுற்றிப் பார்ப்பதுதான் பல பழுதுகளின் தொடக்கம். முதலில் மின்பெட்டியைத் திறந்து, கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சின்) தொடு முனைகளுக்கிடையே எறும்போ பல்லியோ மாட்டியிருக்கிறதா, எலி கடித்த ஒயர் உண்டா என்று பாருங்கள். பிறகு குழியின் மூடியைத் தூக்கி, புழுதியையும் சருகையும் வேக்குவம் கொண்டு உறிஞ்சி எடுங்கள். நீர் ஊற்றிக் கழுவினால் செம்மண் சேறாகி பேரிங்கைத் தேடிப் போகும். தட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று தள்ளி, தடையில்லை என்று உறுதிசெய்த பிறகே மோட்டாரை இயக்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் உள்ளூரில் இருந்தால், மாதம் ஒருமுறை வெறும் தட்டை ஒரு சுற்று சுற்றிவைக்கச் சொல்லுங்கள். விசேஷ நாட்களில் வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்; சுழலும் தட்டு அவர்களை இழுக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் சுற்றி, கையை எடுத்ததும் நிற்கும் அமைப்புக்கு மாற்றி, ரிமோட்டை ஆச்சியிடமோ பொறுப்பான பெரியவர் ஒருவரிடமோ கொடுத்துவிட வேண்டும்.

எல்லாம் சரியாகச் சுற்றுகிறது, பெட்ரோல் மட்டும் மிச்சமாகவில்லை

இதையும் ஒரு பிழை அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் காரணங்கள் தெளிவானவை, நீக்கக்கூடியவை.

1.2 லிட்டர் அளவுள்ள பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 0.7 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 12 மில்லி லிட்டர், எரிக்கும். குறுகிய வீதியில் முன்னும் பின்னுமாகத் திருப்ப இரண்டு நிமிடம் ஆகிறது, அசைவுக்கான கூடுதலும் சேர்ந்து ஒரு தடவைக்கு 40 மில்லி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரு தடவை என்றால் மாதத்துக்கு 2.4 லிட்டர், லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால் 240 ரூபாய். மிச்சமாகக் கூடிய முழுத் தொகையே இதுதான். பல லட்ச ரூபாய் செலவழித்த இயந்திரம் பெட்ரோலால் மட்டும் தன் விலையைத் திருப்பித் தராது என்பதை வாங்க நினைப்பவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். வீதியைப் பார்த்தபடி வெளியேறும் பாதுகாப்பும், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பதால் தேயும் டயரும், பின்னோக்கி எடுக்கையில் தேயும் கிளட்ச்சும் காப்பாற்றப்படுவதும்தான் பெரிய பயன்.

அந்தச் சிறிய மிச்சமும் எங்கே போகிறது? தட்டு அரைச் சுற்று சுற்றும் அரை நிமிடமும், கேட் திறக்கும் அரை நிமிடமும், ஏ.சி. நின்றுவிடும் என்பதற்காக எஞ்சினை ஓடவிட்டால் தடவைக்கு 12 மில்லிக்கு மேல் அங்கேயே எரிந்துவிடுகிறது. மூடிய கொட்டகையில் புகையும் சேர்கிறது. பத்து நொடிக்கு மேல் நிற்பதானால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதே பெட்ரோல் இயந்திரத்துக்குச் சிக்கனம். எனவே தட்டில் ஏறியதும் எஞ்சினை அணைப்பது முதல் விதி.

இரண்டாவது, எப்போது சுழற்றுவது என்பது. காலையில் ஸ்டார்ட் செய்து எஞ்சினை ஓடவிட்டபடி தட்டைச் சுற்றுபவர்கள், எஞ்சின் மிக அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும் நேரத்தில் அதை வீணாக ஓடவிடுகிறார்கள். இயங்குவதற்குரிய வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க, சித்திரை மாதத்துக் காலையிலும் இரவு முழுவதும் நின்ற எஞ்சின் குளிர்ந்த எஞ்சின்தான். அது சூடேறும் வரை கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைக் கூடுதலாகவே செலுத்தும். ஆகவே இரவு வீடு திரும்பியதும் எஞ்சினை அணைத்து, தட்டைச் சுற்றி, காரின் முகத்தை வாசலை நோக்கித் திருப்பி வைத்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நேராக வெளியேறி, முதல் ஓரிரு கிலோமீட்டரை மிதமாக ஓட்டுங்கள். டர்ன்டேபிளே இல்லாதவர்களும், மாலையில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே பின்னோக்கி உள்ளே நிறுத்திவிட்டால், இதே பயனில் பெரும்பகுதியைச் செலவின்றிப் பெறலாம். வீட்டின் பக்கவாட்டில் இரு வீதிகளையும் இணைக்கும் வழி உள்ளவர்கள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி கேட் வைத்துக்கொண்டால் இயந்திரமே தேவைப்படாது.

மூன்றாவது மின்சாரம். முக்கால் கிலோவாட் மோட்டார் அரைச் சுற்றுக்கு அரை நிமிடம் ஓடினால் செலவாவது 0.00625 யூனிட், ஒரு யூனிட்டில் 160 அரைச் சுற்றுகள் சுற்றலாம். ஆனால் மின்பெட்டி சும்மா இருக்கும்போது 15 வாட் எடுத்தாலும் ஒரு நாளில் 0.36 யூனிட் போகிறது, அது ஏறத்தாழ 58 அரைச் சுற்றுகளுக்குச் சமம். தட்டைச் சுற்றி முடித்ததும் ஐசொலேட்டரை அணைத்துவிடுங்கள், வி.எஃப்.டி.யைத் தினமும் பலமுறை அணைத்துப் போடுவது அதற்கு நல்லதல்ல என்பதால், ஒரு நாளில் பல தடவை கார் எடுக்கும் வீடுகளில் இரவில் மட்டும் அணைத்தால் போதும்.